சோபா மெத்தைக்குக் கழற்றித் துவைக்கும் உறை: முதன்முறை தைப்பவர்களுக்கு

ஒரு சோபாவில் முதலில் கெடுவது துணிதான். மரச்சட்டம் உறுதியாக இருக்கும், ஸ்பிரிங் இருக்கும், உள்ளே இருக்கும் ஃபோம்கூட நன்றாகவே இருக்கும். மேலே இருக்கும் துணி மட்டும் கறை படிந்து, நிறம் மங்கி, ஓரங்களில் நைந்துபோயிருக்கும். அந்த ஒரே காரணத்துக்காக முழு சோபாவையும் தூக்கிப் போடுகிறார்கள். உறை கழற்றி மாட்டும்படி இருந்தால் அந்த நிலை வராது. துவைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம், அலுத்துப்போனால் வேறு துணியில் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

இது புது யோசனையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செல்வந்தர் வீடுகளில் விலை உயர்ந்த பட்டு போர்த்திய நாற்காலிகளின் மேல், துவைக்கக்கூடிய பருத்தி அல்லது லினன் உறை போட்டு வைத்தார்கள். முக்கியமான விருந்தினர் வரும்போது மட்டும் அதை எடுத்தார்கள். இப்போது நமக்கு ஜிப்பும் வெல்க்ரோவும் இருப்பதால் வேலை இன்னும் சுலபம்.

இந்தப் பதிவில் பெட்டி வடிவ சோபா மெத்தை ஒன்றுக்கு ஜிப் வைத்த உறை தைக்கப் போகிறோம். நேராகத் தையல் போடத் தெரிந்திருந்தால் போதும்.

தைப்பதற்கு முன் ஒன்று பாருங்கள்

உங்கள் மெத்தையில் ஏற்கெனவே ஜிப் இருந்தால், உடனே கழற்றித் துவைக்கப் போட்டுவிடாதீர்கள். பல சோபாக்களில் அந்த ஜிப், தொழிற்சாலையில் ஃபோமை உள்ளே நுழைப்பதற்காக மட்டுமே வைத்தது. துணி தண்ணீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் ஆங்கில எழுத்து 'டபிள்யூ' என்றால் தண்ணீர் கலந்த கிளீனரால் துடைக்கலாம். 'எஸ்' என்றால் தண்ணீர் கூடாது, அதற்கான ரசாயனக் கரைப்பான் மட்டும்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் எதுவும் சரி. 'எக்ஸ்' என்றால் வேக்கம் கிளீனரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இவை எல்லாமே மேலாகச் சுத்தம் செய்வதற்கான குறிகள். வாஷிங் மெஷினில் போடலாமா என்பதற்கு, தண்ணீர் நிரம்பிய தொட்டி போன்ற படம் லேபிளில் இருக்கிறதா, அதன் மேல் குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

துணியும் மற்ற பொருட்களும்

முதல் உறைக்குப் பருத்தி கேன்வாஸ், கெட்டியான டெனிம், அல்லது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த சோபா துணி எடுங்கள். சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கிராம் எடை இருந்தால், உட்கார்வதையும் தாங்கும், சாதாரண தையல் மெஷினிலும் ஓடும். வெல்வெட் வழுக்கும், இழுபடும் துணி நெளியும். இரண்டையும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோபா துணிகளின் விவரச் சீட்டில் 'மார்ட்டின்டேல்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். துணியை எத்தனை முறை தேய்த்தால் நைகிறது என்று மெஷினில் சோதித்த கணக்கு அது. வீட்டில் தினமும் உட்காரும் சோபாவுக்கு 20,000க்கு மேல் இருக்கட்டும். குழந்தைகளும் நாயும் ஏறி விளையாடும் சோபா என்றால் 30,000 பக்கம் போவது நல்லது.

நூல் பாலியஸ்டர் நூலாக இருக்க வேண்டும். ஊசி 90 அல்லது 100 எண். ஜிப்பை நைலானில், 5 எண் அளவில், ரோலில் இருந்து வெட்டி வாங்குங்கள். அதற்கு ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பகுதி) தனியாகத் தருவார்கள். உலோகப் பல் ஜிப் வேண்டாம், அதன் மேல் தைக்கும்போது ஊசி உடையும். இவற்றோடு ஜிப் தைக்கும் பாதம், சாக்பீஸ், டேப், குண்டூசி, அகலமான காகிதம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

வெட்டும் முன் துவையுங்கள்

இந்த முழுப் பதிவிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். நாம் தைப்பதே துவைப்பதற்காக. பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 60 செ.மீ. உறை 5 சதவீதம் சுருங்கினால் 3 செ.மீ. போய்விடும். அதன் பிறகு அந்த ஃபோமில் அந்த உறை ஏறாது.

பின்னால் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இப்போதும் துவையுங்கள். மெஷினில் என்றால் மெஷினில், வெந்நீரில் என்றால் வெந்நீரில். உலர்ந்ததும் இஸ்திரி போட்டுவிட்டு அளவெடுங்கள். பருத்திக் கயிறு வைத்து பைப்பிங் (விளிம்பில் தடித்துத் தெரியும் கயிற்று ஓரம்) கொடுப்பதாக இருந்தால், அந்தக் கயிற்றையும் சேர்த்து நனைத்து உலர்த்துங்கள். அது சுருங்கினால் உறையின் விளிம்பு முழுவதும் சுருக்கம் விழும்.

அளவும் கணக்கும்

பழைய உறையை அளக்காதீர்கள். அது உட்கார்ந்து உட்கார்ந்து தளர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபோமை வெளியே எடுத்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். நீளத்தை நடுவிலும் இரண்டு ஓரத்திலுமாக மூன்று இடத்தில் அளப்பது நல்லது.

ஃபோம் 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் 1.5 செ.மீ. விடுகிறோம். அப்படியானால் மேல்துண்டும் அடித்துண்டும் 63-க்கு 63.

மெத்தையைச் சுற்றி வரும் பக்கப் பட்டையின் மொத்தச் சுற்றளவு 240 செ.மீ. இதில் பின்பக்கம் ஜிப் வரும். ஜிப் பின்பக்கத்தின் 60 செ.மீ.க்குள் மட்டும் இருந்தால் ஃபோமை நுழைக்கத் திண்டாட வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மூலையையும் தாண்டி 8 செ.மீ. வீதம் திரும்பட்டும். ஆக ஜிப் பகுதி 76, மீதி 164. இந்த 164-ஐ ஒரே துண்டாக வெட்ட முடிந்தால் வெட்டலாம். ஆனால் சோபா துணியின் அகலம் பெரும்பாலும் 140 செ.மீ. பக்கம்தான் இருக்கும். நான் மூன்று துண்டாக வெட்டுவதையே விரும்புவேன்: முன்பக்கத்துக்கு ஒன்று, இரண்டு பக்கவாட்டுக்கும் ஒவ்வொன்று. இணைப்புகள் முன் மூலைகளில் சரியாக விழுவதால் கண்ணில் படாது.

வெட்ட வேண்டியவை:
- மேல், அடி: 63 × 63, 2 துண்டு
- முன்பட்டை: 63 × 13, 1 துண்டு
- பக்கவாட்டுப் பட்டை: 55 × 13, 2 துண்டு
- ஜிப் பட்டை: 79 × 8.5, 2 துண்டு

ஜிப் பட்டைக்கு 8.5 எப்படி வந்தது? பட்டையின் வெட்டு உயரம் 13. அதில் பாதி 6.5. ஜிப் பக்கம் மடிக்க 2 செ.மீ. சேர்த்தால் 8.5. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த அளவு மெத்தைக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

140 செ.மீ. அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் வாங்கினால், துவைத்துச் சுருங்கிய பிறகும் இவை எல்லாம் அடங்கும். பெரிய பூ, கோடு போன்ற டிசைன் என்றால் கூடுதலாக வாங்குங்கள், ஏனென்றால் பூவை மெத்தையின் நடுவில் கொண்டுவரத் துணி செலவாகும்.

ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு இருந்தால் மேலே சொன்ன அளவு உறை நன்றாக இறுகி நிற்கும். வெறும் ஃபோம்தான் என்றால் மேல், அடித் துண்டுகளில் நீளத்திலும் அகலத்திலும் 1 செ.மீ. குறையுங்கள். அப்போது பட்டையின் மொத்த நீளத்திலும் 4 செ.மீ. குறைய வேண்டும்.

முதலில் காகிதத்தில் வெட்டி, ஃபோம் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் துணிக்குப் போங்கள். மூலை வளைந்த மெத்தை, ஒரு பக்கம் குறுகும் மெத்தை என்றால் காகிதத்தின் மேல் ஃபோமை வைத்து ஓரமாகவே வரைந்துகொள்வதுதான் சரியான வழி.

ஜிப் பட்டை

ஒவ்வொரு ஜிப் பட்டையிலும் ஒரு நீள ஓரத்தை 2 செ.மீ. உள்பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். மூடிய ஜிப்பின் பற்களுக்கு நேர் நடுவில் மடிப்பு வரும்படி ஒரு பட்டையை வைத்து, மடிப்பில் இருந்து 7 மி.மீ. தள்ளி ஜிப் பாதத்தால் தையுங்கள். அடுத்த பட்டையை எதிர்ப்பக்கத்தில், இரண்டு மடிப்பும் முத்தமிட்டுக்கொள்ளும்படி வைத்து அதேபோல் தையுங்கள். ஜிப் பற்கள் வெளியே தெரியாது. இப்போது மொத்த உயரம் 13 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். ரன்னரை ஏற்றி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் விட்டால் அடுத்த தையலில் வெளியே நழுவி வந்துவிடும்.

அப்புறம் பக்கவாட்டு, முன், பக்கவாட்டு என்ற வரிசையில் மூன்று பட்டைகளையும் இணைத்து, அதன் இரண்டு முனைகளையும் ஜிப் பட்டையின் முனைகளோடு சேருங்கள். நைலான் பற்களைத் தாண்டும்போது மட்டும் மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தைத்துக்கொள்ளுங்கள். ஜிப்பை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் விழுவது அங்கேதான். இப்போது பட்டை ஒரு வளையமாக இருக்கும்.

மூலைகள்

உறை பார்க்க ஒழுங்காக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்பது மூலைகளில்தான் தெரியும். இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஜிப் பட்டையின் நடுவைக் குறியுங்கள். அதுதான் பின்பக்கத்தின் மையம். அங்கிருந்து இரண்டு பக்கமும் 30 செ.மீ. தள்ளிப் பின்மூலைகள். முன்மூலைகள் ஏற்கெனவே இணைப்புத் தையலில் இருக்கின்றன. பின்மூலையில் இருந்து முன்மூலைக்கு 60 செ.மீ. வருகிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு மூலைக் குறியையும் ஸ்கேல் வைத்துப் பட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நேருக்கு நேராகப் போடுங்கள். கீழ்க் குறிகளைப் போடாமல் விட்டால், மேலே தைத்து முடித்து அடித்துண்டை வைக்கும்போது உறை முறுக்கிக்கொள்ளும். பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பின்மூலைக் குறிகளில் பட்டையின் ஓரத்தில் 1.2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் ஒரு சிறு வெட்டு கொடுங்கள். தையல் 1.5 செ.மீ.யில் விழுவதால் வெட்டு தையலைத் தாண்டாது. முன்மூலைகளில் இணைப்புத் தையலின் கடைசி 1.5 செ.மீ.யைப் பிரித்துவிட்டாலே போதும்.

இனி மேல்துண்டும் பட்டையும், துணியின் நல்ல பக்கங்கள் (வெளியே தெரிய வேண்டியவை) ஒன்றோடொன்று சேர, மையத்துக்கு மையம், மூலைக்கு மூலை குண்டூசி குத்துங்கள். பட்டை மேலே தெரியும்படி மெஷினில் வைத்து, 3 மி.மீ. தையல் நீளத்தில் பின்பக்க மையத்தில் இருந்து தொடங்குங்கள். மூலைக்கு 1.5 செ.மீ. முன்னால் ஊசியைத் துணிக்குள் இறக்கியபடியே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புங்கள். நாம் கொடுத்த வெட்டு விரிந்து பட்டை தானாக வளையும். பாதத்தை இறக்கித் தொடருங்கள். கூர்மையாகத் திரும்புவதைவிட மூலையில் ஒன்றிரண்டு தையலைக் குறுக்காகப் போட்டுத் திரும்பினால், திருப்பிய பிறகு மூலை கொம்பு போல் நீட்டிக்கொண்டு நிற்காது.

அடித்துண்டைச் சேர்ப்பதற்கு முன் ஜிப்பைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் தைத்து முடித்ததும் உறையை வெளியே திருப்ப வழி இருக்காது. மற்றபடி மேல்துண்டுக்குச் செய்ததே இதற்கும்.

முடிந்ததும் உள் ஓரங்கள் எல்லாவற்றுக்கும், இழை பிரியாமல் இருக்க, ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் தையல் போடுங்கள். சாதாரண தலையணை உறையில் இதை விட்டாலும் பரவாயில்லை. சோபா துணியின் இழைகள் தடிமனானவை, ஒவ்வொரு துவைப்பிலும் பிரிந்து பிரிந்து தையல் வரை வந்துவிடும்.

மாட்டுவது

ஃபோம் துணியைப் பிடித்துக்கொண்டு நகர விடாது. அதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஃபோமின் மேல் சுற்றி, ஃபோமை இரண்டாக மடித்து உள்ளே தள்ளி, முன்மூலைகளில் சரியாக உட்கார வைத்த பிறகு தாளை உருவிவிடுங்கள். அடிக்கடி கழற்றுவீர்கள் என்றால் ஃபோமுக்கு மெல்லிய காடாத் துணியில் ஒரு உள்ளுறை தைத்துவிடலாம். வெளியுறை வழுக்கிக்கொண்டு போகும், ஃபோமுக்கும் அழுக்கு இறங்காது.

சட்டத்தோடு ஒட்டிய பகுதிகளும் சாப்பாட்டு மேஜை நாற்காலியும்

கைப்பிடி, முதுகு போன்றவற்றைத் தனியே கழற்ற முடியாது என்றால், அவற்றின் மேல் வரும் உறையை வெல்க்ரோ வைத்துப் பிடிக்கலாம். சொரசொரப்பான பட்டையை மரச்சட்டத்தில் ஸ்டேப்பிள் அடியுங்கள், மெத்தென்ற பட்டையை உறையில் தையுங்கள். மாற்றிச் செய்தால், துவைக்கும்போது சொரசொரப்புப் பட்டை நூலையும் பஞ்சையும் எல்லாம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

நாற்காலியின் இருக்கைப் பலகை திருகைக் கழற்றினால் தனியே வரும் வகை என்றால் ஜிப்பே வேண்டாம். 40 × 40 இருக்கை, 5 செ.மீ. தடிமன் என்றால் ஒவ்வொரு பக்கமும் தடிமனுக்கு 5, அடியில் மடிய 5, எலாஸ்டிக் ஓடும் மடிப்புக்கு 2.5 சேர்த்து 65 × 65 துணி வெட்டுங்கள். மூலைகளை வளைத்து வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, எலாஸ்டிக்கைக் கோத்து இறுக்கிக் கட்டினால் உறை தயார்.

துவைக்கும்போது

உறையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, ஜிப்பை மூடி, 30 டிகிரித் தண்ணீரில் துவையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஒரு மெத்தையில் மட்டும் கறை இருந்தாலும் எல்லா உறைகளையும் ஒன்றாகவே துவைப்பது நல்லது, இல்லையென்றால் ஒன்று மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். ஈரம் முழுக்கப் போன பிறகே ஃபோமில் மாட்டுங்கள். ஃபோமை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வெயிலில் நீண்ட நேரம் வைத்தாலும் அது மஞ்சளாகிப் பொடியும். உறை துவைக்கும் நாளில் ஃபோமை நிழலான, காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்தால் போதும்.

மேல்துண்டும் அடித்துண்டும் ஒரே துணியில் தைத்திருப்பதால் மாதம் ஒருமுறை மெத்தையைப் புரட்டிப் போடலாம். துணியும் ஃபோமும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயும்.

வெட்டிய காகித அளவுகளின் மேல் எந்த மெத்தை, எந்தப் பக்கம் முன்பக்கம், ஜிப் எங்கே என்று எழுதி, மிச்சத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப் போடவும் அடுத்த உறை வெட்டவும் அது வேண்டியிருக்கும்.