30 டிபி டிஸ்க் வாங்குமுன் 429 கோடியைக் கணக்கில் எடுங்கள்

ஆவணி பிறந்தால் களியக்காவிளை, மார்த்தாண்டம் ஸ்டுடியோக்களுக்கு எல்லையின் இரண்டு பக்கமும் கல்யாண வேலை. கேரளத்துக்கு அதுதான் சிங்ஙம். இந்தப் பக்கம் மண்டபம், பாறசாலைப் பக்கம் ஆடிட்டோரியம். எங்கே எடுத்தாலும் வீடியோ வந்து சேர்வது ஒரே கம்ப்யூட்டருக்குத்தான்.

முதலில் தேவையைக் கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா தலா நாலு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. போட்டோவும் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 600 ஜிபி என்று வையுங்கள். வருஷம் 40 கல்யாணத்துக்கு 24,000 ஜிபி, அதாவது 24 டிபி. விளிம்பு வரை நிரப்பினால் டிஸ்க் திணறும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு காலியாகக் கிடக்கட்டும்: 30 டிபி. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அந்த 30 டிபி திரையில் 27.3 என்றுதான் தெரியும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி தடைகள். பெரும்பாலானவை ஒரே எண்ணிலிருந்து வருகின்றன: 32 பிட்டில் எண்ண முடிவது 429 கோடி சொச்சம் வரைதான். பைட்டை எண்ணினால் 4 ஜிபி. எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் ஒரு ஃபைலின் உச்சம் அது. டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டான 512 பைட் செக்டரை எண்ணினால் 2 டிபி. டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறையான எம்பிஆரில் ஒரு பார்ட்டிஷனின் உச்சம். ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகான 4 கேபி கிளஸ்டரை எண்ணினால் 16 டிபி. விண்டோஸில் வழக்கமாக ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ்ஸின் உச்சம். எங்கே முட்டுகிறது என்று தெரிய, எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

புது டிஸ்க்கை மாட்டி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். புது முறையான ஜிபிடிதான். அவசரத்தில் எம்பிஆர் கொடுத்துவிட்டால் 4 டிபி டிஸ்க் இரண்டு துண்டாக நிற்கும்: 2048 ஜிபி ஒரு பக்கம், மேலே கறுப்புப் பட்டையோடு 1678 ஜிபி ‘அன்அலொகேட்டட்’ மறு பக்கம். அந்தக் கறுப்புத் துண்டை ரைட் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே வால்யூம்களை அழித்து, இடது ஓரத்தில் டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஜிபிடிக்கு மாற்றுங்கள். மூலையில் பழைய 32 பிட் எக்ஸ்பி கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், ஜிபிடி டிஸ்க்கை அது படிக்காது.

டிஸ்க்கைச் செருகும் பழைய யூஎஸ்பி டாக்குகளில் ஒரு வில்லங்கம் உண்டு. சில டாக்குகள் 512 பைட் செக்டரை 4096 என்று காட்டி, எம்பிஆரிலேயே பெரிய டிஸ்க்கை ஓட்டிவிடும். பிறகு டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டருக்குள் சாட்டா கேபிளில் மாட்டினால் ஃபார்மட் ஆகாத டிஸ்க் போலத் தெரியும், ‘ஃபார்மட்’ செய்யட்டுமா என்று கேட்கும். செய்யாதீர்கள், வீடியோ உள்ளேதான் இருக்கிறது. அதே டாக்கில் திரும்ப மாட்டிக் காப்பி எடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கிளஸ்டர் அளவில்தான். 16 டிபி டிஸ்க் நாலை ஒன்றாகச் சேர்த்து ரெய்டு 6இல் போட்டால் (இரண்டு டிஸ்க்கின் இடம் பாதுகாப்புக்குப் போகும்) கிடைப்பது 32 டிபி, விண்டோஸில் 29.1. விண்டோஸ் தானாக 8 கேபி கிளஸ்டர் எடுக்கும். அதன் உச்சம் 32 டிபி. அடுத்த வருஷம் ஐந்தாவது டிஸ்க் சேர்த்தால் 43.7 ஆக வேண்டும், ஆனால் வால்யூம் நீளாது. கிளஸ்டர் எண்ணிக்கை மிஞ்சுகிறது என்று மறுத்துவிடும். ஃபார்மட் செய்யும்போதே ‘அலொகேஷன் யூனிட்’ பட்டியலில் 64 கேபி எடுத்துவிட்டால் உச்சம் 256 டிபி. சின்ன ஃபைல் ஒவ்வொன்றிலும் சராசரி அரை கிளஸ்டர் வீணாகும். லட்சம் ஃபைல் இருந்தாலும் 3.2 ஜிபிதான். 4 கேபிக்கு மேல் என்டிஎஃப்எஸ் கம்ப்ரஷன் கிடையாது. வீடியோ அதில் சுருங்கப்போவதில்லை, நஷ்டமில்லை. இதைப் பிற்பாடு மாற்ற 24 டிபியையும் வேறிடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு வழிக்கே இரண்டரை நாள்.

நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டியான நாஸ் என்றால் உள்ளே பெரும்பாலும் லினக்ஸ். 32 பிட் பிராசசர் உள்ள பழைய பெட்டியில் வால்யூம் 16 டிபியைத் தாண்டாது. அதில் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட்டில் உருவாக்கிய வால்யூமை டிஸ்க்கோடு புதுப் பெட்டிக்கு மாற்றினாலும் அதே 16இல் நின்றுவிடக்கூடும். புதிதாக உருவாக்குவதே நல்லது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபார்மட் இந்த அளவுக்கெல்லாம் அசையாது, ஆனால் பெருக்கலாம், சுருக்க முடியாது.

ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு 5 போதாதா? 16 டிபி டிஸ்க் ஒன்று போனால் மாற்று டிஸ்க்கை நிரப்ப, நொடிக்கு 200 எம்பி வேகத்திலும் 22 மணி நேரம். வேலைக்கு நடுவே என்றால் இன்னும் நீளும். அத்தனை நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழுக்கப் படிக்கப்படும். அதில் இன்னொன்று விழுந்தால் ரெய்டு 5 முடிந்தது. ரெய்டு 6 இரண்டாவதையும் தாங்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்காதீர்கள்: தொடர்ந்து எழுதும்போது வேகம் சரிந்து, ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும். மாடல் நம்பரை வைத்துக் கம்பெனியின் டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (தடங்கள் ஏறாத வகை) என்று இருக்கிறதா பாருங்கள். நிரப்புமுன் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்து, டிஸ்க் தன் பழுதைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 மூன்றும் (கெட்ட செக்டர்களின் எண்ணிக்கை) சைபரில் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ரெய்டு பேக்கப் ஆகாது. கொடுத்து முடியாத கல்யாணங்களுக்குத் தனி டிஸ்க்கில் இன்னொரு காப்பி வேண்டும்.

ஐப்பசி மழைக்கு இங்கே இடியும் கூடவே வரும். யூபிஎஸ் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். ஆனால் இடி வேறு வழியிலும் நுழையும்: வெளிச்சுவரில் இருக்கும் சிசிடிவியின் லேன் வயர் ஸ்விட்ச் வழியாக நேரே நாஸுக்குத்தான் போகிறது. கேமராவுக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள். வானம் கறுத்ததும் பிளக்கோடு அந்த வயரையும் உருவுங்கள்.