ஆம்புலன்ஸுக்குக் கருவி செய்கிறீர்களா? முதலில் அதைக் கழுவிப் பாருங்கள்

கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் கண்காட்சிகளுக்கு அடிக்கடி நடுவராகப் போகிறேன். ஆம்புலன்ஸுக்கும் வார்டுக்கும் வேண்டிய கருவிகளைச் செய்வது என் தொழில் என்பதால் அந்த வகை மேஜைகள் எல்லாம் என் பக்கம் வந்துவிடும். பிள்ளைகளின் உழைப்பும் அக்கறையும் மனதை நிறைக்கின்றன. ஆனால் எங்கள் பட்டறைகள் ஒருகாலத்தில் கைக்காசைக் கரைத்துக் கற்றுக்கொண்ட அதே தவறுகள் திரும்ப வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வயர் தளர்ந்திருக்கிறது, வெல்டிங்கில் பிசிறு இருக்கிறது என்பவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டாக்டரை மட்டும் கேட்டுவிட்டு வரைவது

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 சேவையில் வழக்கமாக வண்டிக்கு இரண்டு பேர். நோயாளியைக் கவனிக்கும் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) ஒருவர், ஓட்டுநர் ஒருவர். ஓட்டுநரை அங்கே பைலட் என்பார்கள். வண்டி கிளம்பிவிட்டால் பின்னால் இஎம்டி மட்டும்தான். வளைவு வந்தால் அவருடைய ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கையில் ஈரமான கையுறை இருக்கும். அந்த ஒற்றைக் கையால் பூட்டவும் திறக்கவும் முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மருத்துவமனை வெளிச்சத்தில் நான்கு நர்ஸ்கள் சூழ நிற்கும் டாக்டரிடம் மட்டும் கேட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது.

ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலை நினைத்துப் பாருங்கள். டாக்டர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து அதை உருவாக்கிய ராம் சந்திர சர்மா கைவினைக் கலைஞர். வெறுங்காலோடு நடப்பவர்கள், சம்மணமிட்டு உட்காருபவர்கள், சேற்றில் இறங்குபவர்கள் என்று பயன்படுத்தப் போகிறவர்களின் அன்றாடத்திலிருந்து அந்த வடிவம் வந்தது.

கழுவுவதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் ரூமில் நோயாளியை அசையாமல் கட்டி வைக்கும் மெத்தை ஒன்றைப் பார்த்தேன். நல்ல யோசனை. தலைக்கு இருபுறமும் ஃபோம் கட்டைகள், மார்புக்கும் தொடைக்கும் வெல்க்ரோ பட்டைகள், மேலே ரெக்சின் உறை. செயல்விளக்கத்தின்போது எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள், வாங்கவும் செய்திருக்கிறார்கள். சில வாரங்களிலேயே அது மூலைக்குப் போய்விட்டது. உறையைப் பிரித்ததும் முடை நாற்றம் அடித்தது. தையல் ஓட்டைகள் வழியே ரத்தம் உள்ளே இறங்கி ஃபோம் முழுக்க ஊறிக் காய்ந்திருந்தது. வெல்க்ரோவின் கொக்கிகளில் தலைமுடியும் காஸ் துணியின் நூலும் அடைத்து, பிடிப்பே போய்விட்டது. கிருமி நீக்கும் குளோரின் கரைசலான ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்துத் துடைத்து ரெக்சின் வெடித்திருந்தது, பக்கிளுக்குள் இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. நோயாளிகளை மறுபடியும் பெட்ஷீட்டால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

செய்த நிறுவனத்தாரிடம் கேட்டபோது, ஊழியர்கள் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்றார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்கவே முடியாது. விபத்துக் கேஸை இறக்கிவிட்டு, அடுத்த அழைப்பு வருவதற்குள் வண்டியைத் துடைத்துத் தயாராக்க வேண்டியவர்கள் அவர்கள். தையல் ஓட்டைக்குள் போன ரத்தத்தை எதைக் கொண்டு எடுப்பார்கள்? அடுத்துப் படுப்பவருக்கு முதுகில் திறந்த காயம் இருக்கலாம். கழுவ முடியாத கருவி ஒருவருடைய தொற்றை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது செய்தவரின் பொறுப்பு, துடைப்பவரின் பொறுப்பு அல்ல.

பணத்திலும் இதுதான் பெரிய அடி. ஸ்ட்ராப் நீளம் போதவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். மூலை கூர்மையாக இருக்கிறது, இடுக்கில் அழுக்கு சேர்கிறது என்று மோல்டு (வார்ப்பு அச்சு) வெட்டிய பிறகு தெரிந்தால் மோல்டையே மறுபடி வெட்ட வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. கெட்டியான அரிசிக் கஞ்சியில் சிவப்புக் கேசரிப் பவுடரைக் கலந்து, மாதிரியின் மேல் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் காயவிடுவோம். அப்புறம் அதை வடிவமைக்காத ஒருவரிடம் கையுறையும் துணியும் கொடுத்துத் துடைக்கச் சொல்வோம். முடிந்ததும் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்ப்போம். சிவப்பு எங்கே தெரிகிறதோ அங்கே வடிவம் தப்பு. ஃபோம் வேண்டுமென்றால் தண்ணீரை உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் எடுங்கள். தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டும் விளிம்பு வையுங்கள். திருகுத் தலைகள் நோயாளியின் பக்கம் இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் என்றால் எதுவும் ஆகாது என்று நம்ப வேண்டாம். குளோரின் கலந்த கரைசல் படிந்தே கிடந்தால் அதிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். மாதிரியைக் கரைசலில் பல நாள் ஊறப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொருளை முடிவு செய்ய வேண்டும்.

நிற்கும் வண்டியில் சோதிப்பது

ஐரோப்பாவின் ஈஎன் 1789 தரம், வண்டிக்குள் பொருத்திய கருவி புவியீர்ப்பைப் போல 10 மடங்கு விசையிலும் பிடியை விடக் கூடாது என்கிறது. வண்டி மோதும் நொடியில் 8 கிலோ மானிட்டர் 80 கிலோ மூட்டையின் விசையோடு இழுக்கும். அது பிய்த்துக்கொண்டு வந்தால் நேரே இஎம்டியின் மேல்தான் விழும். மேஜையில் அழகாக நிற்கும் கொக்கியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆக்ஸிஜன் தீராது என்று நினைப்பது

பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் எடுத்தால் 100 நிமிடம். உதகையிலிருந்து கோவைக்கு மலை இறங்கி வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் உங்கள் சக்ஷன் கருவி அதே சிலிண்டரின் அழுத்தத்தில் ஓடுவதாக இருந்தால், நோயாளி மூச்சுவிட வேண்டிய காற்றைத்தான் அது குடிக்கிறது. எவ்வளவு என்பதை அளந்து கருவியின் மேலேயே எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கனெக்டர்

வேண்டவே வேண்டாம். உணவு செலுத்தும் டியூபை ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் டியூபோடு மாற்றிச் செருகி உயிர் போயிருக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தாத இணைப்புகளுக்காகவே ஐஎஸ்ஓ 80369 என்ற தர வரிசை வந்தது.

கைபேசிச் செயலி

செயலியைத் திறந்தால்தான் கருவி ஓடும் என்றால் ஆம்புலன்ஸில் வைக்காதீர்கள்.

விதிகளைக் கடைசியில் படிப்பது

2017-இன் மருத்துவச் சாதன விதிகள் கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்பது வரைபட நிலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் என்ன சோதனை, என்ன ஆவணம் என்பதெல்லாம். வண்டியோடு சேர்த்துப் பொருத்துவதாக இருந்தால் ஏஐஎஸ் 125-ஐயும் படியுங்கள். சாலை ஆம்புலன்ஸுக்கான இந்தியத் தரம் அது.

காட்டிவிட்டு பேட்டன்ட் கேட்பது

சில விதிவிலக்குகள் தவிர, வெளியே காட்டிய பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்றுதான் சட்டம் பார்க்கும். கல்லூரிக் கண்காட்சியும் வெளிதான். தற்காலிக விவரக்குறிப்பை (provisional specification) முதலில் பேட்டன்ட் அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட்டு மேஜைக்கு வாருங்கள். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. கஞ்சி ஊற்றவும், வண்டியில் ஏற்றி ஓட்டிப் பார்க்கவும், இஎம்டிகளிடம் கொடுத்துக் குறை கேட்கவும் அந்த அவகாசம் போதும்.