பிரையர் மலைக் குதிரைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து கிழக்கு வாசல் வழியாக வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் கோடி என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்குவார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் ஐம்பது மைல் போனால் லவல் என்ற சிற்றூர். அதற்கு வடக்கே, வயோமிங், மான்டானா மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிரையர் மலை. காட்டுக்குதிரைகளுக்கென்று 1968-ல் ஒதுக்கிய மேய்ச்சல் நிலம் இது; இன்று சுமார் 38,000 ஏக்கர். டிக்கெட் கொடுத்துக் குதிரையைக் காட்டுகிற இடமில்லை. எந்த மாதம், எந்த உயரம் என்று தெரியாமல் போகிறவர்கள் பாறையையும் ஜூனிபர் புதரையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

குதிரை எங்கே நிற்கும் என்பதைப் புல்தான் முடிவு செய்கிறது. மலையடிவாரம் சுமார் 3,900 அடி உயரத்தில் இருக்கும் வறண்ட பாலை. வருஷத்துக்கு ஐந்தாறு அங்குல மழைதான். உச்சி 8,700 அடிக்கு மேல். பனியும் மழையும் அதிகம், பசும்புல் வெளி. மே மாதத்திலிருந்து பனி உருக உருகப் பசுமை கீழிருந்து மேலே ஏறும். குதிரைகளும் அதன் பின்னாலேயே ஏறும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பெரும்பாலானவை உச்சியில் இருக்கும். பனி விழ ஆரம்பித்ததும் இறங்கிவிடும். ட்ரைஹெட் என்று சொல்லப்படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு கூட்டம் வருஷம் முழுக்கக் கீழேயே சுற்றும்.

ஆகவே வழி இரண்டு: அரை நாளில் கீழே தார்ச்சாலையோரம் தேடுவது, அல்லது முழு நாள் ஒதுக்கி உச்சிக்கு ஏறுவது. ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் இரண்டுமே கெடும்.

சாலை வழி எளிது. லவலிலிருந்து 14ஏ நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மூன்று மைல் போய், 37-ம் எண் சாலையில் இடதுபக்கம் திரும்புங்கள். எந்தக் காரும் போகும். மாநில எல்லையை ஒட்டியே குதிரை நிலம் தொடங்கிவிடும். அதிகாலையில் போங்கள், இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு. வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பைனாகுலரால் சரிவுகளை மெல்லத் துழாவுங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தால் குதிரையும் புதரும் ஒரே கரும்புள்ளிதான். தரையில் இன்னொரு தடயம் உண்டு. ஆண்குதிரைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப லத்தி போட்டு மேடாக்கி வைக்கும். மேலே இருப்பது ஈரமாக இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளுத்து உதிர்ந்தால் அடுத்த சரிவுக்கு நகருங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும் அதே சாலையில் டெவில் கேன்யன் காட்சிமுனை இருக்கிறது, போன பெட்ரோல் வீணாகாது.

உச்சி வழிதான் ஆளைச் சோதிக்கும். பர்ன்ட் டிம்பர், சைக்ஸ் என்ற இரண்டு மலைமுகட்டுப் பாதைகளும் கல்லும் படியுமாக இருக்கும். தரையிலிருந்து நன்றாக உயர்ந்த, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் தொடவே வேண்டாம். இரண்டில் சைக்ஸ்தான் மோசம். முதல்முறை போகிறவர்களுக்குக் குரூக்கட் கிரீக் பாதை மேல். அதுவும் சாதாரண செடானுக்கு இல்லை. பெரும்பாலான வாடகைக் கார் ஒப்பந்தங்கள் மண்பாதையைத் தடை செய்கின்றன. மேலே மாட்டிக்கொண்டால் காப்பீடும் கைவிடும், இழுத்து வரும் செலவும் உங்கள் தலையில் விழும். அதனால் ஒப்பந்தத்தை முன்னாலேயே படித்துவிடுங்கள். வண்டி தோதாக இல்லையென்றால் லவலில் வழிகாட்டியோடு போவது புத்திசாலித்தனம்.

டயர் கிழிவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து. முழு அளவு ஸ்பேர் டயரும் ஜாக்கியும் கட்டாயம். காரோடு வரும் சின்ன தற்காலிக டயரை நம்பி ஏறாதீர்கள். இரண்டாவது எதிரி களிமண். காய்ந்திருக்கும்போது சிமென்ட் மாதிரி இருக்கும் பாதை, அரை மணி நேரம் மழை பெய்தால் வழவழவென்று ஆகிவிடும். சேறு டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டால் நாலு சக்கர இழுவையும் உதவாது. மழை பெய்துவிட்டால் இறங்க அவசரப்படாமல், பாதை காயும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம், உச்சியோ வெட்டவெளி. விடியும் முன் கிளம்பி, பிற்பகல் மேகம் திரள்வதற்குள் இறங்கத் தொடங்குவதுதான் சரியான கணக்கு. ஏறுவதற்கே இரண்டு மணி நேரம் வையுங்கள்.

லவலில் டாங்க் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர். மேலே போன் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். வரைபடத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலேயே பிரையர் மலை முஸ்டாங் (காட்டுக்குதிரை) மையமும் பிக்ஹார்ன் கேன்யன் பார்வையாளர் மையமும் இருக்கின்றன. அன்றைய பாதை நிலவரமும் குதிரைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்பதும் அங்கே கேட்டால் தெரியும். கிளம்பும் முன் இருபது நிமிஷம் அங்கே செலவழித்தால் மலையில் மூன்று மணி நேரம் மிச்சம்.

குதிரை முன்னால்

குதிரையிடமிருந்து 100 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆறு கார்களை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம். குதிரை தானாக நெருங்கி வந்தால் பின்வாங்க வேண்டியது நாம்தான். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் இந்தத் தூரம் ஒரு குறையாகவே தெரியாது. தண்ணீர்க் குட்டைக்கும் குதிரைகளுக்கும் நடுவே நிற்காதீர்கள். குடிக்க வந்த கூட்டம் ஆளைப் பார்த்துத் திரும்பிவிடும், வறண்ட மலையில் அது அவற்றுக்கு இரட்டை நடை. தின்ன எதுவும் நீட்டாதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலியே உயிரை எடுத்துவிடும்.

ஒரு ஆண்குதிரை, சில பெட்டைகள், குட்டிகள் என்று குடும்பமாக இருக்கும். தனியாகத் திரியும் இளவட்ட ஆண்கள் வேறு கும்பல். ஆண்குதிரை காதை மடித்து, கழுத்தைத் தரைக்குத் தாழ்த்திப் பாம்பு போல அசைத்து வந்தால் தன் பெட்டைகளை நகர்த்துகிறது என்று அர்த்தம். அந்தப் பாதையில் இருந்தால் விலகுங்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்து, செத்துவிட்டது என்று பதறி ஓடுகிறவர்கள் உண்டு. குட்டிகள் அப்படித்தான் தூங்கும், தாய் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். மங்கிய மஞ்சளும் எலிச்சாம்பலும் இங்கே நிறைய. முதுகுத்தண்டு நெடுக ஒரு கருங்கோடு ஓடும், கால்களில் வரிக்குதிரை போல் பட்டை இருக்கும். பழைய ஸ்பானியக் குதிரைகளின் வழிவந்தவை இவை என்பதை மரபணுச் சோதனைகளும் காட்டின. இந்த மந்தையைக் காக்கச் சொல்கிறவர்களின் முதல் வாதமே இதுதான்.

சண்டை எதைப் பற்றி

குதிரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும். அது நிற்கிற தரையையும் பாருங்கள். புல் அடியோடு கறித்திருக்கிறதா, செடிக்குச் செடி நடுவே வெறும் மண் எவ்வளவு என்று பாருங்கள். இந்த நிலம் எத்தனை குதிரைகளைத் தாங்கும் என்ற மொத்த வழக்கும் அதன் மேல்தான். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, தரையோடு கறிக்கும்.

1950-களில் நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, இறைச்சிக்காகக் காட்டுக்குதிரைகளை விரட்டிப் பிடித்த விதத்தை எதிர்த்துப் போராடினார். மோட்டார் வண்டியால் துரத்துவதையும் தண்ணீரில் விஷம் வைப்பதையும் 1959-ல் சட்டம் தடுத்தது. 1971-ல் வந்த சட்டம் மத்திய அரசு நிலத்தில் இருந்த குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாப்பில் கொண்டுவந்தது. ஆனால் 1976-ல், அரசே பிடிக்கும்போது ஹெலிகாப்டர் பயன்படுத்தலாம் என்று திருத்திவிட்டார்கள். இன்றும் மிகக் கசப்பான சண்டை அந்த ஹெலிகாப்டரைப் பற்றியதுதான்.

கணக்கு எளிது. மந்தை வருஷத்துக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகும். நாலைந்து வருஷத்தில் இரட்டிக்கும். பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைத் துறை நாடு முழுதும் சேர்த்து சுமார் 25,500 போதும் என்கிறது. 2024-ல் இருந்தது 70,000-க்கு மேல். பிடித்து அடைத்து வைத்துத் தீனி போடுவது தனியாக 60,000-க்கு மேல், பணத்தின் பெரும்பகுதி அதற்கே போகிறது. எதிர்த்தரப்பு கேட்கிறது: அதே நிலத்தில் லட்சக்கணக்கான மாடுகள் மேய அனுமதி உண்டு, குதிரை மட்டும் எப்படி மிகை? இன்னொரு கேள்வி, இது அந்நிய விலங்கா என்பது. குதிரை இனமே வட அமெரிக்காவில் தோன்றியது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அற்றுப்போய், ஸ்பானியர்களோடு திரும்பி வந்தது. வந்தேறி என்பவருக்கும் வீடு திரும்பியது என்பவருக்கும் ஆதாரம் ஒன்றே. கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற புல்வெளியிலேயே மட்டக்குதிரைகளும் மேய்வதை வைத்து எழும் கேள்வியும் கிட்டத்தட்ட இதுவே, அங்கே மாட்டின் இடத்தில் மான்.

பிரையரில் ஹெலிகாப்டருக்குப் பதில் ஊசி. பன்றியின் சினைப்பையிலிருந்து எடுக்கும் பி.இசட்.பி. என்ற கருத்தடை மருந்தைத் துப்பாக்கியால் பெட்டையின் தொடையில் எய்கிறார்கள். முதல் ஊசி, சில வாரத்தில் இரண்டாவது, பிறகு வருஷம் ஒன்று. ஒவ்வொரு குதிரைக்கும் இங்கே பெயரும் பதிவும் உண்டு, அதனால் எது வாங்கியது, எது வாங்கவில்லை என்று தெரியும். நெவாடாவின் பரந்த வெளியில், ஆளைக் கண்டாலே ஓடும் ஆயிரக்கணக்கான குதிரைகளிடம் இது எளிதில் செல்லாது. இங்கேயும் சிக்கல் இல்லாமலில்லை. சினையாகாத பெட்டை பருவம் தாண்டியும் சூட்டுக்கு வரும். தப்பிப் பிறக்கும் குட்டி குளிர் நெருங்கும்போது பிறந்தால் பிழைப்பது சிரமம்.

அரசு இந்த மலைக்கு 2009-ல் வைத்த எண்ணிக்கை 90 முதல் 120. மரபணு வளம் குன்றாமலிருக்க 150-ஆவது வேண்டும் என்பது குதிரை ஆர்வலர்களின் கட்சி. இரண்டையும் கேட்டபின் எங்களுக்குத் தோன்றுவது: ஸ்பானிய வழி என்பதற்காகக் காக்கிற மந்தையை, அந்த வழியே தேய்ந்துபோகும் எண்ணிக்கைக்குக் குறைப்பதில் பொருளில்லை, ஆனால் உச்சியில் புல் இல்லாமல் 150-ஐ எழுதி வைப்பதிலும் பொருளில்லை.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: பிடித்த குதிரைகளைத் தத்துக் கொடுக்கிறார்கள், கட்டணம் 125 டாலரிலிருந்து. குதிரைக்கு 400 சதுர அடி அடைப்பும், பழக்காத பெரிய குதிரையென்றால் ஆறடி உயர வேலியும் காட்ட வேண்டும். ஒரு வருஷம் ஒழுங்காக வளர்த்த பிறகுதான் அது உங்கள் பெயருக்கு மாறும்.