குப்பைமேட்டுக் கசிவுநீரை ஆர்.ஓ. மெம்பிரேனில் சுத்திகரிக்கும் முறை

டர்பனில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அப்போது குப்பைமேட்டின் அடியில் ஊறும் கசிவுநீர் பெருகும், உப்பு நீர்த்துப்போகும். ஜூன், ஜூலையில் நீர் குறைந்து உப்பு ஏறும். அதனால் சேமிப்புக் குளத்தின் மின்கடத்துதிறனை (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) தினமும் அளந்து எழுதுங்கள். ஆர்.ஓ. என்பது அழுத்தம் கொடுத்து நீரை மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அதன் அழுத்தத்தையும் மீட்பு விகிதத்தையும் (உள்ளே விடும் நீரில் எத்தனை பங்கைத் தெளிநீராக எடுப்பது) முடிவு செய்ய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் 2013 பொது வரம்புப்படி, ஆற்றில் விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 6 மி.கி., சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 75 மி.கி. தாண்டக்கூடாது. உங்கள் உரிமத்தில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். பழைய மேடுகளின் கசிவுநீரில் அம்மோனியா 1,000 மி.கி. இருப்பது சாதாரணம். ஒரு சுற்று ஆர்.ஓ. அதில் 95% பிடித்தாலும் 50 மி.கி. தப்பிவிடும். எனவே முதல் சுற்றின் தெளிநீரை இரண்டாம் சுற்றிலும் விட வேண்டும். டர்பனின் மேரியன்ஹில் குப்பைமேடு போல, நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் உயிரியல் தொட்டி உள்ள இடத்தில் அம்மோனியாச் சுமை முன்பே இறங்கிவிடும். மெம்பிரேனுக்கு உப்பும் மக்காத கரிமமும்தான் மிச்சம்.

வேலையின் உயிர்நாடி அமிலம் சேர்ப்பதில் இருக்கிறது. பி.ஹெச். 8.2-இல் அம்மோனியாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாயு வடிவில் இருக்கும். வாயு மெம்பிரேனைச் சுலபமாகக் கடந்துவிடும். பி.ஹெச். 6.3-க்கு இறக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாயு. சுண்ணாம்புப் படிவும் கட்டுப்படும். அளவைக் கண்டுபிடிக்க 2 லிட்டர் பீக்கரில் 1 லிட்டர் கசிவுநீர் எடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுங்கள். நுரை பீக்கரின் விளிம்பை எட்டினால் தொட்டியிலும் அதே கதைதான்: தொட்டியின் மேல் காலியிடத்தைக் கூட்டுங்கள், அமிலத்தை மெதுவாக விடுங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 5,000 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்) உள்ள நீருக்கு, கன மீட்டருக்கு 98% அமிலம் 1.5 முதல் 2.5 லிட்டர் வரை பிடிக்கும். இந்தக் கட்டத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் கிளம்பும். மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள். வாயு அளவி இல்லாமல் தொட்டிக்குள் தலை நீட்டாதீர்கள். கந்தக அமிலத்தால் கால்சியம், பேரியம் சல்பேட் படிவு வரக்கூடும். அதற்குப் படிவுத் தடுப்பான் மருந்து வேண்டும்.

பிறகு மணல் வடிகட்டி, அதன் பின் 10 மைக்ரான் கார்ட்ரிட்ஜ். கசிவுநீருக்குச் சுருள் மெம்பிரேனைவிட, அகன்ற வழி கொண்ட தட்டு-குழாய் அமைப்பு நன்றாகத் தாங்கும். அழுத்தம் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு 10 கிராம் உப்புக்குச் சுமார் 7 பார் சவ்வூடு அழுத்தம் (உப்பு நீர் தெளிநீரைத் தன் பக்கம் இழுக்கும் விசை). 75% தெளிநீர் எடுத்தால் மீதியில் உப்பு நான்கு மடங்கு, அதாவது 28 பார். பம்ப் இதைத் தாண்டித்தான் தள்ள வேண்டும், அதனால் 60 பார் வரை போகிறது.

தெளிநீர் 10–15% குறைந்தால் கழுவுங்கள். ஆனால் தண்ணீர் 1 டிகிரி குளிர்ந்தாலே சுமார் 3% குறையும். குளிரை அடைப்பென்று நினைத்துக் கழுவுவது மெம்பிரேனின் ஆயுளை வீணாக்கும். முதலில் காரக் கழுவல், பி.ஹெச். 11 அளவில், 35 டிகிரி வெதுவெதுப்பில். அதன்பிறகு சிட்ரிக் அமிலம். வரிசையை மாற்றாதீர்கள்: அமிலம் முதலில் பட்டால் கரிமப் படலம் இறுகி ஒட்டிக்கொள்ளும். குளோரின் கலந்த நீரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். பாலிஅமைடு படலம் கெட்டுவிடும். ஆலையை நிறுத்தும்போதெல்லாம் தெளிநீரால் அலசிவிடுங்கள்.

மெம்பிரேனைக் கடக்காமல் மிஞ்சும் கால் பங்கு அடர்நீரில்தான் உண்மையான தலைவலி. மெம்பிரேன் எதையும் அழிப்பதில்லை, பிரிக்க மட்டுமே செய்கிறது. தென்னாப்பிரிக்காவில் திரவக் கழிவை மேட்டில் கொட்டுவது 2019 ஆகஸ்ட் முதல் தடை. உரிமம் பெற்று மேட்டுக்குள்ளேயே திருப்பி விட்டாலும் உப்பு மறுபடி கசிவுநீரில் வந்து சேரும். சேமிப்புக் குளத்தின் மின்கடத்துதிறன் மழை மாதங்களிலும் இறங்காமல் படிப்படியாக ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆவியாக்கியா, அபாயக் கழிவு ஆலைக்கு லாரியா என்பதைப் பம்ப் வாங்கும் முன்பே விலை போட்டுப் பாருங்கள்.