இலை பச்சையாக இருந்தால் போதுமா? இலை முதிர்ச்சியைத் தள்ளிப்போடும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் பயிர் மரபணு ஆய்வு பழக வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, ஊடகத்தில் பூஞ்சை பிடிப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

எந்நேரமும் இயங்கும் புரோமோட்டர்

புரோமோட்டர் என்பது மரபணு எப்போது, எங்கே இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதி. இலை முதிர்வதைத் தள்ளிப்போடும் ஹார்மோன் சைட்டோகைனின். அதைப் பெருக்கும் ஐபிடி மரபணுவை எந்நேரமும் இயக்கினால் வேர் குன்றும், செடி புதராகும். 1995-இல் விஞ்ஞானிகள் கானும் அமசினோவும் புகையிலையில் அந்த மரபணுவுக்கு எஸ்ஏஜி12 என்ற புரோமோட்டரை வைத்தார்கள். இலை முதிரத் தொடங்கினால் அது இயங்கும். சைட்டோகைனின் கூடி முதிர்ச்சி நின்றதும் அடங்கிவிடும்.

பச்சையை மகசூல் என்று எண்ணுவது

இதுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. ஒரு மாணவர் நெல் செடியின் படத்தோடு வந்தார். பக்கத்துச் சாதாரணச் செடி பழுத்திருக்க, இவருடையது அடி இலை வரை பச்சை. "மணி எடை என்ன தம்பி?" என்றேன். எடுக்கவே இல்லை. கதிரோடு சேர்த்து ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) போட்டு அழித்தாயிற்று. ஒரு பருவ உழைப்பு போச்சு.

இலை பழுப்பது வீணாகச் சாவதல்ல. இலை நைட்ரஜனில் பெரும்பங்கு பசுங்கணிகங்களில் இருக்கிறது. முதிரும்போது அந்தப் புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாக மணிக்குப் போகின்றன. கோதுமையில் இலை முதிர்ச்சியை முடுக்கும் என்ஏஎம் மரபணுக்களை அடக்கிய ஆய்வு 2006-இல் வெளியானது. இலை முதிர மூன்று வாரத்துக்கு மேல் தாமதமானது. மணியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன!

நிறம் மட்டும் தங்குவதும் உண்டு. மெண்டலின் பச்சைப் பட்டாணியில் பச்சையத்தை உடைக்கும் வேலைதான் பழுது. அந்த வகைச் செடியில் இலை பச்சையாகவே இருக்கும், ஒளிச்சேர்க்கையோ வழக்கம்போல் சரியும். பச்சைய மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. இலை வாங்கும் கரியமில வாயுவை அளக்க வேண்டும். மணி எடை, பதர், மணிப் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

நம் கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு இது தெரியும். யூரியா மிஞ்சிய வயல் பச்சைப் பசேலென்று நிற்கும், கதிரில் பதர்தான் இருக்கும். மழை ஏமாற்றிய வருஷம் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய் வற்றிவிடுகிறது. அப்போது உண்மையாக உழைக்கும் இலைதான் இந்தச் சீமைக்குத் தேவை.

நாள் கணக்கு

விதைத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பூத்த நாளிலிருந்து எண்ணுங்கள். பூப்பு தள்ளிப்போன செடியும் பச்சையாகத்தான் தெரியும்.

ஒரே வரிசையை நம்புவது

வேண்டாம். வரிசை என்றால் மரபணு புகுத்திய ஒரு செடியின் வழித்தோன்றல்கள். மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

அனுமதி

மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி அனுமதி வாங்காமல் ஒரு நாற்றுகூட வயலுக்குப் போகக்கூடாது.