உளப்பகுப்பாய்வின் வரலாற்றை வாசிப்பு வட்டத்தில் படிப்பது எப்படி?

கீழக்கரையிலோ இராமநாதபுரத்திலோ செவிலியமும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களைக் கூட்டி, நோயாளியின் பேச்சையும் கனவுகளையும் கொண்டு நனவிலியை (அவரே அறியாத மனப்பகுதியை) ஆராயும் உளப்பகுப்பாய்வின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்கள், கோட்பாடுகளை ஒதுக்கிவைத்து, சிகிச்சைக்கு யார் வந்தார்கள், பணம் யார் கொடுத்தார்கள், நாட்டை அப்போது யார் ஆண்டார்கள் என்ற கேள்விகளிலிருந்து தொடங்கலாம். நனவிலியின் இலக்கணத்தை முதல் நாளே பலகையில் எழுதினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முதல் அமர்வில் வியன்னாவைப் பேசுங்கள். யூத வெறுப்பை வாக்காக்கிய கார்ல் லூகர் 1897இல் அந்நகரின் மேயரானார். 1902 முதல் புதன்கிழமைதோறும், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் பிராய்டின் வீட்டில் கூடியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

அதிக நேரம் 1918க்குத்தான் தேவை. போர் அதிர்ச்சிக்கு ஆளான சிப்பாய்களை என்ன செய்வதென்று அரசுகளே திகைத்திருந்ததால், அவ்வாண்டு செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த உளப்பகுப்பாய்வாளர்களின் மாநாட்டுக்கு அரசுப் பிரதிநிதிகளும் வந்தார்கள். அறுவை சிகிச்சையைப் போலவே மனத்துக்கான உதவியும் ஏழையின் உரிமை என்று பிராய்டு அங்கே பேசினார். அதன் விளைவாக 1920இல் பெர்லினிலும், சமூக ஜனநாயகக் கட்சியினர் ஆண்ட வியன்னாவில் 1922இலும் வசதியற்றவர்களுக்கான சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன. 1933இல் நாஜிகள் பிராய்டின் நூல்களை எரித்தார்கள். 1938இல் அவரே லண்டனுக்குப் போக நேர்ந்தது.

அடுத்து கல்கத்தா. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். இந்தியர்களின் விடுதலை வேட்கையையே மனக்கோளாறாக விளக்கி எழுதிய டேலி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் அதே துறையில் இருந்தார். ஐரோப்பாவில் ஆட்சியாளர்கள் விரட்டிய ஒரு துறை, இங்கே ஆட்சிக்குத் துணைபோகவும் முடிந்தது என்பதை வட்டத்தில் விவாதிக்காமல் விடக்கூடாது. சங்கம் 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. அதன் படத்தைக் காட்டினால் பேச்சு தானாகவே தொடங்கிவிடும்.

மனநோய் தீர வேண்டிக் குடும்பங்கள் நாடும் தர்கா உள்ள ஏர்வாடியைக் கடைசி அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை நேரில் அறிந்தவர்கள் வட்டத்திலேயே இருக்கக்கூடும். அவர்கள் விரும்பினால் முதலில் பேசட்டும். உளப்பகுப்பாய்வு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்லவேண்டாம். கடுமையான மனச்சிதைவுக்குத் தம் முறை பொருந்தாது என்று கருதியவர் பிராய்டு. தர்காவை நாடிய குடும்பங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவதும், என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம். வேறெங்கே என்ன செலவில் போயிருக்க முடியும் என்று கேளுங்கள். பிறகு, சங்கிலியிடுவதைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படியுங்கள்.

எந்த அமர்விலும் ஒருவருடைய சொந்தக் கனவை மற்றவர்கள் விளக்க அனுமதிக்காதீர்கள். மனம் கலங்கியவர் எவரேனும் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கோ அனுப்பிவையுங்கள்.