மொட்டைமாடிக்கு ஹெலிகாப்டர் வந்தால் செய்யக்கூடாதவை

2015 நவம்பர் வெள்ளத்தையும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை ஊருக்குள் வந்ததையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு மொட்டைமாடியின் அருமை தெரியும். அந்த மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் கையில் கிடைத்த தார்ப்பாயை எடுத்து ஆட்டுவோம். முதல் தவறே அதுதான்.

விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் முழுச் சுமையோடு 13 டன் வரை இருக்கும். அவ்வளவு எடையும் காற்றைக் கீழே தள்ளித்தான் அந்தரத்தில் நிற்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் கிளப்பிய கீற்றும் தகரமும் நினைவிருக்கிறதா? அதேபோலத்தான் தார்ப்பாயும் எழும்பும். போய்ச் சிக்குவது சுழலும் இறக்கையிலோ இன்ஜினிலோ. பளிச்சென்ற புடவையைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள். இரண்டு கைகளையும் மேலே விரித்து நின்றால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. உற்சாகத்தில் ஒற்றைக் கையை ஆட்டிக் குழப்பாதீர்கள்.

“இறக்கை போனால் வேற மாட்டிக்க மாட்டாங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. பைக்குக்கு செயின் மாற்றுகிற கதையில்லை இது. முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண், தனிப் பதிவேடு. இத்தனை மணிநேரம் பறந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று பல பாகங்களுக்குக் கெடு உண்டு. பார்க்கப் புதிதாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். பதிவேடு இல்லாத பாகம் பளபளத்தாலும் பழைய இரும்புக்குச் சமம். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். விமானியின் கை அசைவைச் சுழலும் இறக்கைக்குக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட் உடைந்திருந்தது. அந்த ஒரு பாகத்துக்காக நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நின்றன. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் மே மாதத்தில்தான் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்தோ அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்தோ வந்த ஒன்று உங்கள் தார்ப்பாயால் நின்றுபோனால், அடுத்த தெருவுக்கு வர வேறொன்று தயாராக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஆளைத் தூக்க மேலிருந்து கம்பிக்கயிற்றில் கொக்கி இறங்கும்போது எட்டிப் பிடிக்காதீர்கள். பறக்கும்போது சேர்ந்த நிலைமின்சாரம் அந்தக் கம்பிக்கயிறு வழியே வரும். முதலில் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம். தரையையோ தண்ணீரையோ கொக்கி தொடட்டும், பிறகு பிடிக்கலாம்.

அதைவிட மோசம், ‘ஆடாமல் இருக்கட்டும்’ என்று கொக்கியைத் தண்ணீர்த்தொட்டிக் குழாயில் மாட்டுவது. ஹெலிகாப்டரை வீட்டோடு கட்டிப்போட்டது போலாகும். மேலே கயிறு வெட்டும் கருவி இருக்கிறது. வேறு வழியில்லையென்றால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய கயிற்றை முடிச்சுப்போட்டு ஓட்ட முடியாது. புதுக் கயிறு மாட்டிச் சோதிக்கும்வரை கயிற்றைச் சுற்றி இழுக்கும் அந்த விஞ்ச்சில் ஆள் தூக்க முடியாது. துணிக்கொடியையும் முன்பே அவிழ்த்துவிடுங்கள்.

ட்ரோன் விடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? திடலில் தரையிறங்கினால் வால்பக்கம் போகாதீர்கள்; சுழலும் வால்விசிறி கண்ணுக்கே தெரியாது. கூப்பிட்ட பிறகு, முன்பக்கமாகக் குனிந்து போங்கள்.

கடைசியாக ஒன்று. அக்குளுக்குக் கீழே பட்டை மாட்டித் தூக்கும்போது கைகளைக் கீழேயே இறுக்கி வையுங்கள். பாதி வழியில் நெகிழ்ந்துபோய்க் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டால் பட்டை நழுவி ஆள் கீழே வந்துவிடுவார். கும்பிடுவதெல்லாம் உள்ளே உட்கார்ந்த பிறகு.